மணல் கொட்டுனா மட்டும் போதாது, கடலுக்கு அடியில என்ன நடக்குதுன்னும் பாக்கணும்

போன லீவுல பிள்ளைகள கூட்டிக்கிட்டு கொழும்புக்கு போனோம். மச்சான் வெள்ளவத்தையில கடையில வேலை செய்றாரு, அவர் வீட்டுல ரெண்டு நாள். ஹட்டன்ல ரயில் ஏறுனதுல இருந்து ரெண்டும் கடல் கடல்னுதான் நச்சரிப்பு, சரின்னு கல்கிசை பீச்சுக்கு போனோம். அங்க வலை பிரிச்சுக்கிட்டு இருந்த ஒரு வயசாளிகிட்ட எனக்கு தெரிஞ்ச சிங்களத்துல பேச்சுக்கொடுத்தேன். அவரு சொன்னது ஒன்னு இன்னும் மனசுல இருக்கு. "மேல மணல் இருக்கா போயிருச்சான்னு எல்லாரும் வந்து பாக்குறாங்க, தண்ணிக்கு கீழ என்னாச்சுன்னு எங்ககிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல."

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு நேரம், கல்கிசையிலயும் களுத்துறை கலிடோ பீச்சுலயும் கடலரிப்ப தடுக்கன்னு கடலுக்குள்ள இருந்து மணலை உறிஞ்சி கொண்டாந்து கரையில கொட்டுனது ஞாபகம் இருக்கும். கொஞ்ச நாள்லயே அலை இழுத்துக்கிட்டு போயிருச்சுன்னு எல்லாரும் போட்டோ போட்டாங்க, காசெல்லாம் கடல்ல போச்சுன்னு சண்டை. இல்ல அது அப்படித்தான் பரவும்னு அதிகாரிங்க பக்கம் பதில். உண்மையில கரையில கொட்டுற மணல்ல ஒரு பங்கு கீழ சரிஞ்சு, ஆழம் கம்மியான இடத்துல திட்டா சேர்றது வழமைதான், அந்த திட்டு அலையோட வேகத்த கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆனா நான் பார்த்த பதிவுங்கள்ல ஒன்னுல கூட அந்த மணல் சரிஞ்சு போய் எது மேல உக்காந்துச்சுன்னு யாரும் கேக்கல.

அங்கதான் விஷயமே இருக்கு. கரையை ஒட்டுன அந்த மணலுக்குள்ள புழு, மட்டி, அலை திரும்புறப்ப சட்டுன்னு உள்ள புதையுற குட்டி நண்டு எல்லாம் இருக்கு, இதத் தின்னுதான் கரையோர மீனும் பறவையும் வாழுது. திடீர்னு மேல மணல் மூடுனா நிறைய செத்துப்போகும். கொட்டுன மணல் பழைய மணல் மாதிரியே பருமனா இருந்தா சில மாசத்துலயே திரும்ப வந்து சேரும், ரொம்ப பொடியா சேறு கலந்து இருந்தா வருஷக்கணக்கா இழுக்கும். தண்ணி கலங்கி வெளிச்சம் உள்ள போகாட்டி பவளப்பாறைக்கும் கடல்புல்லுக்கும் கஷ்டம். மணல் உறிஞ்சுன இடமும் அப்படித்தான், ஆழமா பள்ளம் விழுந்தா அதுல சேறு போய் தங்கிரும், பழைய உசிருங்க லேசுல திரும்பாது.

நான் தோட்டத்துல வேலை செய்றவன், கடல் படிச்சவன் இல்ல. ஆனா ஒரு மலையில பழைய தேயிலையை புடுங்கிட்டு புதுக்கன்னு வைக்கிறதுன்னா எங்க ஆளுங்க என்ன செய்றாங்கன்னு தெரியும். புடுங்குன அன்னைக்கே கன்னு வைக்க மாட்டாங்க. மண்ணை எடுத்து டெஸ்ட் பண்ணி, மண்ணை தேத்துற மானாப்புல்லு போட்டு ஒன்றரை ரெண்டு வருஷம் மண்ணை ஆறப்போட்டு, திரும்ப டெஸ்ட் பண்ணித்தான் கன்னு. வச்ச பிறகும் எத்தனை கன்னு செத்துச்சுன்னு வரிசை வரிசையா எண்ணி, செத்த இடத்துல மறு கன்னு வைப்பாங்க. பக்கத்து மலையில கை வைக்காத தேயிலை எப்படி இருக்குன்னு பார்த்தாத்தான் கன்னு காஞ்சது வெயிலாலயா நம்ம தப்பாலயான்னு தெரியும். தேயிலைக்கே இவ்வளவு பாக்குறப்ப கடலுக்கு ஏன் பாக்கக்கூடாது?

அதேதான் அங்கயும் செய்யணும்னு சொல்றேன். கொட்டுறதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு வருஷமாவது அளக்கணும், ஏன்னா தென்மேற்கு பருவக்காத்துல மேக்கு கரை இருக்கிற இருப்பு வேற, தை மாசத்து இருப்பு வேற. மணல் கொட்டுற இடம், உறிஞ்சுற இடம், கையே வைக்காத ஒரு இடம், மூணுலயும் அடிமண்ணை அள்ளி சல்லடையில சலிச்சு என்ன உசிரு எத்தனைன்னு எண்ணனும், மணல் பருமன் பாக்கணும், தண்ணி கலங்கல் பாக்கணும், பாறையில ஒரே சதுரத்த திரும்பத் திரும்ப போட்டோ எடுக்கணும். பிறகு ரெண்டு மூணு வருஷம் விடாம அதே இடத்துல அதே மாதிரி. கரைவலை இழுக்குற ஆளுங்க ஒரு கொப்பியில என்ன மீன் எவ்வளவுன்னு எழுதுனா அதுவே பெரிய கணக்கு, அவங்களுக்கு அதுக்கு காசும் குடுக்கணும்.

மலையில இருக்கிற உனக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. களனி கங்கையும் களு கங்கையும் எங்க சிவனொளிபாதமலை பக்கத்துல இருந்துதான் போகுது. கடற்கரை மணல்ல பெரும்பங்கு ஆறு கொண்டு போய் போட்டது. களனிக்கு தண்ணி கொண்டு போற ஆத்துல மவுசாக்கலை அணை 1969ல கட்டுனப்ப பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள்ள போச்சு, கடும் வெயில்ல தண்ணி வத்துனா பழைய கோயில் வெளிய தெரியும், சுத்தி பாத்தா நம்ம மலை கழுவி வந்த மண்ணு மெத்து மெத்துன்னு கிடக்கும். அணை மறிச்சு நிக்கிறதால அது கீழ போகாது. கீழ களனியில மிச்ச மணலையும் கட்டடத்துக்கு அள்ளி அள்ளி ஆத்தடி இறங்கி, கோடையில உப்புத்தண்ணி, கொழும்புக்கு குடிதண்ணி எடுக்கிற அம்பத்தலை வரைக்கும் ஏறி வந்து, அந்த தண்ணியை காப்பாத்த தடுப்பு போடுற நிலைமை. களு கங்கையிலயும் மணல் அள்ளுறாங்க. கரைக்கு வரவேண்டிய மணலை வழியிலயே புடிச்சு வச்சுட்டுத்தான் கடலை தோண்டி கரையில கொட்டுறோம், அந்த கணக்குல மேல இருக்கிற நாங்களும் இருக்கோம்.

கல்கிசை, கலிடோ பக்கம் மணல் கொட்டுன பிறகு அடியில எடுத்த அளவீடு யார்கிட்டயாவது இருந்தா, தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லம், இல்லாட்டி சிங்களமோ இங்கிலீசோ பரவாயில்ல, அனுப்புங்க. உக்காந்து தமிழாக்கி எங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கு குடுக்கிறேன். அந்த வயசாளிக்கும் அடுத்த லீவுல மீன் கணக்கு எழுத ஒரு கொப்பி கொண்டு போகணும்.