மூக்கு ஒட்டல, கழுத்து சேரல, இதுக்கு பேரு ‘ஈஸி’யாம்

எவன்டா அந்த பேப்பர் நாய் டெம்ப்ளேட்டுக்கு, அதான் பிரிண்ட் எடுத்து வெட்டி மடிச்சு ஒட்டுனா நாய் பொம்மை ஆகுற ஃபைலுக்கு, அஞ்சுல ஒரே ஒரு ஸ்டார் போட்டு ‘ஈஸி’ன்னு எழுதினது, அவன் மட்டும் கையில கிடைச்சான்னா ஒரு முழு ஞாயித்துக்கிழமை கம் டப்பாவோட உக்கார வெச்சு அந்த மூக்கை ஒட்ட விடுவேன்.

அண்ணன் பொண்ணு லீவுக்கு வந்திருக்கா. நிஜ நாய்க்கு அவ அப்பன் ஒத்துக்கல, பேப்பர் நாய்க்கு நான் தலையாட்டிட்டேன், என் தலையெழுத்து. அவ கேட்டது ராஜபாளையம். தேடித் தேடிப் பாத்தா பக் இருக்கு, ஷிபா இருக்கு, டாக்ஸண்ட் இருக்கு, நம்ம ஊரு நாய் ஒண்ணு கூட கண்ணுல படல. 2005லயே தபால் தலை வந்த நாய்ங்க அது! உடம்பு பூரா வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ், பிரிண்ட் போட்டா இங்க்கே செலவாகாது, ஒரு புண்ணியவானுக்கும் வரையத் தோணல போல. சரின்னு லேப்ரடாருக்கு இறங்கி வந்தோம்.

ஆறு பக்கம். கடைக்காரத் தம்பிகிட்ட கெட்டி பேப்பர் இருக்கான்னு கேட்டேன், "இதுவே போதும்க்கா"ன்னு எப்பவும் ஜெராக்ஸ் போடுற 75 ஜிஎஸ்எம்லயே (இந்த எண்ணு ஏற ஏற பேப்பர் கெட்டி) அடிச்சுக் குடுத்துட்டான். நானும் வாங்கிட்டு வந்துட்டேன், தப்பு என் மேலயும் இருக்கு. ஆனா 160லேந்து 200 வரைக்கும் வேணும்கிறத ஃபைலோட கடைசி மூலையில எறும்பு சைஸ்ல போட்டா யாரு பாப்பா? ஒட்டி நிக்க வெச்சா நாலு காலும் மடங்கி நாய் மட்ட மல்லாக்க விழுது.

அடுத்து கோடு. புள்ளியும் கோடுமா மாறி மாறி வந்தா வெளிப்பக்கம் மடிக்கணுமாம், வெறும் துண்டுத் துண்டுக் கோடா இருந்தா உள்பக்கமாம், அதுக்கு வேலி ஃபோல்டுன்னு (இங்கிலீஷ் ‘வேலி’, பள்ளத்தாக்கு) பேரு வேற. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட எனக்குப் பொருத்தமான பேருதான். அந்த பிரிண்டர்ல ரெண்டு கோடும் ஒரே மாதிரி விழுந்திருக்கு, லைட்டுக்கு நேரா புடிச்சு புடிச்சு பாத்து எனக்கு கண்ணே பூத்துப் போச்சு. ரீஃபில் தீந்த பேனாவால ஸ்கேல் வெச்சு ஒரு தடவை அழுத்திக் கோடு இழுத்துட்டு மடிச்சா நேரா மடியும், இதையும் எவனும் சொல்லல, மூணு பக்கத்தைக் கசக்கிப் போட்ட பிறகு நானா கண்டுபிடிச்சது.

மூக்கு இருக்கே மூக்கு. மூணு மில்லிமீட்டர்ல ஃப்ளாப், அதான் கம் தடவுற ஓரப் பட்டை, அத உள்ள வளைச்சு ஒட்டி அழுத்தணும், விரல் எங்க போகும்? ஏற்கனவே மத்த பக்கமெல்லாம் ஒட்டி மூடியாச்சு. மூக்கை முதல்ல முடிச்சுட்டு வயித்தைக் கடைசியா மூடணும், அப்பதான் உள்ள கை விட முடியும். ஆனா செய்முறைப் படத்துல மூணாவது படத்துல எல்லாம் தட்டையா கிடக்கு, நாலாவது படத்துல முழு நாய் வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல என்னய்யா நடந்துச்சு? வெளக்கமாத்து ஈர்க்குச்சியை விட்டு குத்திக் குத்தி ஒட்டுனேன், கம் ஈரத்துல இங்க் கலைஞ்சு மூஞ்சி பூரா கண்மை வழிஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

இவ ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. திரும்ப ஓடிப்போய் தலை பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துட்டு வந்து, ராத்திரி பத்து மணிக்கு கழுத்துல வெச்சுப் பாத்தா தலை பெருசு, கழுத்து ஓட்டை சிறுசு! அந்த ஃபைல் ஏ4 கிடையாது, அமெரிக்காக்காரன் லெட்டர் சைஸ், அகலம் 216 மில்லி, நம்ம ஏ4 210. முதல் தடவை ‘ஃபிட் டு பேஜ்’ல, அதான் பேப்பருக்குள்ள அடங்குற மாதிரி, போட்டு கிட்டத்தட்ட மூணு பர்சென்ட் சுருக்கிட்டான், ரெண்டாவது தடவை கடையில வேற ஆளு, நூறு பர்சென்ட்ல போட்டுட்டாரு. மூணு பர்சென்ட் தானேன்னு தோணும், 18 சென்டி சுத்தளவுள்ள கழுத்துல அது அரை சென்டி வித்தியாசம். தம்பிகிட்ட கேட்டா "அது தானா அப்படித்தான்க்கா வரும்"ங்குறான். எது தானா வரும்? பிரிண்ட் குடுக்குறப்ப அந்த ‘ஃபிட் டு பேஜ்’ஐ மாத்தி விடத் தெரியாதா?

இதுல பக்கத்து வீட்டு மாமி வந்து "இதுக்கெல்லாம் பொறுமை வேணும்டீ"ன்னுட்டுப் போறாங்க. ஒன்பது மணி நேரம் ஈர்க்குச்சியோட உக்காந்தவகிட்ட பொறுமையைப் பத்திப் பேசுறாங்க! எனக்கு இல்லாதது பொறுமை இல்ல மாமி, முதல் பக்கத்துல மொத வரியா இருந்திருக்க வேண்டிய நாலு தகவல்.

இப்போ தலையில்லாத நாய் டிவி ஸ்டாண்டுல சாஞ்சு கிடக்கு, பெரிய தலை தனியா பக்கத்துல முழிச்சுக்கிட்டு இருக்கு, "ராத்திரி பயமா இருக்கு அத்தை, துணி போட்டு மூடு"ங்குறா இவ. நாளைக்கு கடைக்கு ஸ்கேல் எடுத்துட்டுப் போறேன். பக்கத்தோட ஓரத்துல அளந்து பாக்க அஞ்சு சென்டி கோடு ஒண்ணு போட்டிருக்கான், இத்தனை கூத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் என் கண்ணுல பட்டுச்சு. அது அஞ்சு சென்டி இல்லன்னா அந்தத் தம்பிக்கு ஒரு பைசா கிடையாது.