இந்தியாவுக்குப் போகிற மலையக உறவுகளே, கஸ்டம்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்

"எல்லாம் சொந்தக்காரங்களுக்குக் குடுக்கத்தானே கொண்டுபோறோம், அதுக்கு எதுக்கு வரி?" கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ புறப்படுகிற வீடுகளில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்பளிப்புக்கென்று சுங்கத்தில் தனிச் சலுகை கிடையாது. நாம் பாவித்த துணிமணி, சொந்தச் சாமான் போக, கொடுப்பதற்காகக் கொண்டுபோகும் புதுப்பொருள் அத்தனையும் ஒரே கணக்கில்தான் வரும்.

இந்தியாவின் 2016 பயணப்பொதி விதிகளில், வரியில்லாமல் கொண்டுபோகக்கூடிய பொருள்களின் மொத்த மதிப்பு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு 15,000 இந்திய ரூபா. அங்கே குடியிருப்பவருக்கும் இந்திய வம்சாவளிப் பயணிக்கும் 50,000. 2026 பெப்ரவரியில் இவை 25,000, 75,000 என்று உயர்ந்தன. நாலு பேர் ஒன்றாகப் போனாலும் நால்வரின் சலுகையையும் சேர்த்து ஒரு பொருளுக்குக் காட்ட முடியாது. தேயிலை, சித்தாலேப, மாலிபன் பிஸ்கட் கொண்டுபோகிறவர்கள் இதை நினைத்துப் பயப்படவே வேண்டாம். செடியும் மண்ணும் வேறு கதை. பழைய லயத்தடி ரோஜாக் கம்பு வேண்டும் என்று பெரியம்மா ஆசையாய்க் கேட்டாலும், தாவரச் சுகாதாரச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள்.

நம் பெட்டி ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதினார்கள். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. ஒரு வீட்டுக்குப் போனால் பத்து வீட்டுச் சனம் பார்க்க வரும். அங்கே வெறுங்கையோடு போய் நிற்க யாருக்கு மனசு வரும்?

பெரிய சிக்கல் நகைதான். வரியில்லாமல் பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிற இந்தியக் குடியிருப்பாளருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் உரியது. கல்யாணத்துக்குப் போகிற இலங்கைப் பயணி எல்லாருக்கும் பொதுவானதல்ல. சென்னை விமான நிலையத்தில் ஓர் இலங்கைப் பெண்ணின் தாலிக்கொடியையே பறித்து வைத்த வழக்கில், திருப்பிக் கொடுக்கும்படி 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மனம் நிறைந்த தீர்ப்பு. ஆனால் வழக்குப் பேச நம் தோட்டத்துப் பெண்ணுக்கு வக்கீலும் இல்லை, வசதியும் இல்லை.

அதனால் இதை மட்டும் மனசில் வையுங்கள். இந்தியச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, பொருளை உண்மையாக அறிவித்த பயணி அதைச் சுங்கத்திலேயே வைத்திருந்து, நாடு திரும்பும்போது தரும்படி கேட்கலாம். அனுமதிப்பது அதிகாரியின் கையில்தான். ஆனாலும் அறிவிக்காமல் போனவருக்கு இந்த வழியே இல்லை. சந்தேகம் இருந்தால், பொருளை அறிவிக்கிறவர்களுக்கான சிவப்புப் பாதையில் போங்கள். அது குற்றவாளிகளின் வழி அல்ல. பொருளை வாங்கி வைத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

அடுத்தவர் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். "சும்மா போட்டுக்கிட்டுப் போங்கக்கா, அங்க ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்" என்று டிக்கட் காசோடு வருகிறவர்கள், நம் பெண்களின் வறுமையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பிடிபட்டால் மாட்டுவது அந்த அக்கா. அனுப்பியவர் பெயர்கூட வெளியே வராது. இந்தக் குருவி வேலையால்தான் கொழும்பு விமானத்தில் வந்திறங்கும் நம்மவர் எல்லார் மேலும் அங்கே ஒரு சந்தேகக் கண் விழுகிறது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

டிக்கட் போட்டுக் கொடுக்கிற ஏஜென்சிகள் விசா, பேக் நிறை எல்லாம் சொல்கின்றன. இந்த விதிகளையும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து டிக்கட்டோடு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் டிக்கட் எடுக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே ஏஜென்சி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதித்தர நான் தயார். காசு வேண்டாம்.