எட்ட நின்றால் என்ன குறைந்துவிடும்?

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? பார்த்துவிட்டேன். கொரியாவின் ஹேயின்சா கோயிலில், ஜன்னல் கம்பி இடுக்கில் வீடியோ எடுக்க செல்போனை நுழைத்த நம்ம ஊர் அண்ணனை ஒரு பிக்கு தடுத்தார். உடனே 'தமிழனுக்கு அவமானம்' என்று தலைப்பு. கீழே ஆறுதல் மழை.

தள்ளி நில்லுங்கள் என்றார். அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது என்ன என்று வீடியோவில் ஒரு வரி இல்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகள். அச்செடுத்தால் நேராக வரும்படி இடம்வலம் மாற்றிச் செதுக்கிய திரிபிடகம், புத்த மத நூல்தொகுப்பு. முதலில் செய்த பலகைகளை 1232-ல் மங்கோலியர் எரித்தார்கள். அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ அரசு தீவில் ஒதுங்கிக் கிடந்த அந்தக் காலத்திலேயே மறுபடி செதுக்க ஆரம்பித்து, 1251-ல் முடித்தார்கள். பலகைகள் இருக்கும் கட்டடத்தில் இன்றுவரை ஏசி கிடையாது. தரைக்கடியில் கரி, சுண்ணாம்பு, உப்பு. முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரிது, மேலே சிறிது, பின்சுவரில் நேர்மாறு. மலைக்காற்று உள்ளே சுற்றி வெளியேறும். அண்ணன் போனை விட்டது அந்தக் காற்றின் வழியில்தான்.

'ஒரு ஆளால் என்ன ஆகிவிடும்?' என்கிறீர்கள். 2008-ல் சியோலின் பழைய நகரவாயிலான சுங்னேமுன்னைக் கொளுத்தியது ஒரே ஒரு ஆள்தான். செல்போனில் தீ வராதே என்பீர்கள். சரி, வராது. இவரை விட்டால் அடுத்தவர் கையை விடுவார், அதற்கடுத்தவர் செல்ஃபி ஸ்டிக்கை விடுவார். தள்ளி நிற்கச் சொன்னது அதற்குத்தான்.

'பார்க்க ஒண்ணுமில்லை' என்றாரே அண்ணன், அதுதான் தாங்கவில்லை. 802-ல் எழுந்த கோயில். நான் போனபோது இலையுதிர் காலம். ஹோங்ன்யுடோங் பள்ளத்தாக்கில் மேப்பிள் இலைகள் விழுந்து ஓடைத் தண்ணீரே சிவந்து கிடந்தது. பைன் மர வாசனை கோயில் வாசல்வரை கூடவே வந்தது. ஒண்ணுமில்லையாம்.

எங்கள் தாத்தா நாட்டு வைத்தியர். பரணில் அவருடைய ஏட்டுச்சுவடிகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவர் போனபிறகு, வெள்ளையடிக்கும் சாக்கில் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. பாதியைக் கறையான் ஏற்கெனவே தின்றிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "படிக்கத் தெரிஞ்சா நீயே வச்சுக்கோ" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். தள்ளி நில் என்று சொல்ல அன்று ஒருவர்கூட இல்லை.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. 1951-ல், கெரில்லாக்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று இதே கோயில்மேல் குண்டு போடச் சொன்னார்கள். கிம் யங்-ஹ்வான் என்ற விமானி மறுத்தார், அதுவும் கொரியப் போர் நடக்கும்போது. நமக்கு ஒரு ரீல்ஸை விட முடியவில்லை.

'நீ தமிழச்சியா?' என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: ஆமாம், ஏடு எரித்த வீட்டுத் தமிழச்சி. அண்ணன் அடுத்து பூட்டான் தக்சங் மடத்துக்குப் போகிறாராம். அங்கே உள்ளே விடும் முன்பே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். தலைப்பை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.