வரி ஏறினால் குடி குறையாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்ஜெட் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி: "மதுவரி அரசுக்கு வருமானம் மட்டுமே. குடிப்பவன் எந்த விலையிலும் குடிப்பான்." பாதி உண்மைகூட இல்லை.

112 ஆய்வுகளைத் தொகுத்த 2009 அறிக்கையின்படி, விலை 10 சதவீதம் ஏறினால் மொத்தக் குடி சராசரியாக 5 சதவீதம் குறைகிறது. அதிகம் குடிப்பவர்களிடம் சரிவு சிறியது, ஆனால் அங்கேயும் உண்டு. வரியை இரட்டிப்பாக்கினால் குடிசார் மரணங்கள் சுமார் 35, சாலை விபத்து மரணங்கள் 11 சதவீதம் குறையலாம் என்கிறது 2010 ஆய்வு.

ஆனால் ஏறுவது வரி, விலை அல்ல. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பீர் விலையில் வரி ஏறக்குறைய 23 சதவீதம். அந்த வரியை 10 சதவீதம் ஏற்றினால் விலை 2.3 சதவீதமே ஏறும். குடி சுமார் 1 சதவீதம் குறையும். பணவீக்கம் அதைவிட வேகமாக ஓடினால் அதுவும் கிடையாது.

பெரிய ஓட்டை வைன். 2024 பட்ஜெட்டில் பிராந்தி போன்றவற்றுக்குத் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 274.39 ராண்ட், பீருக்கு 135.89. வைனுக்கோ ஆல்கஹால் அளவே கணக்கில் இல்லை. திரவ லிட்டருக்கு 5.57 ராண்ட். 12 சதவீத ஆல்கஹால் உள்ள 5 லிட்டர் வைன் பெட்டியை எடுத்துப் பாருங்கள்: உள்ளே 0.6 லிட்டர் ஆல்கஹால், வரி 27.85 ராண்ட். தூய லிட்டருக்கு 46 ராண்ட்தான். பீர் வரியில் மூன்றில் ஒரு பங்கு. (திராட்சைத் தோட்ட முதலாளிகளுக்கு இது கசக்காது.)

"2020-இல் கொரோனா ஊரடங்கில் மது விற்பனைக்குத் தடை போட்டும் கள்ளச்சந்தையில் கிடைத்ததே" என்பார்கள். தடை வேறு, வரி வேறு. கடையில் நியாயமாக வாங்க முடிகிறவரை கள்ளச்சரக்கின் ஈர்ப்பு அந்த அளவுக்கு இருக்காது.