குளிர்ல வெயில் சுடாதா?

மேல கமெண்ட்ல ரெண்டு மூணு பேர், ட்ரெக்ல பாஸ் (உயரமான மலைக் கணவாய்) ஏறுற அன்னைக்கு குளிரும் மேகமுமா இருந்தா சன்ஸ்கிரீன் தேவையில்ல, பேக்ல வெயிட்தான் மிச்சம்னு சொல்லியிருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா அது சரியில்ல. தோல சுடுறது சூடு இல்ல, வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் (யூவி). அது நமக்கு உறைக்காது, அதான் வினையே. 1000 மீட்டர் ஏறினா அது சுமார் 10% கூடும், அப்ப 4500 மீட்டர் பாஸ்ல எவ்ளோ வரும்னு பாத்துக்கோங்க, கூடவே புதுசா விழுந்த பனி 80% வரைக்கும் திருப்பி அடிக்கும், அதனால தொப்பி போட்டிருந்தாலும் தாடைக்கு அடியிலயும் மூக்கு ஓட்டைக்குள்ளயும் கூட சுட்டுடும் (பட்டவனுக்குத் தெரியும்!). லேசான மேகம் பெருசா தடுக்காது.

நான் சொல்றத நம்ப வேணாம். உலக சுகாதார நிறுவனத்தோட யூவி பக்கத்துலயே இந்த நம்பரெல்லாம் இருக்கு. இல்லனா ஃபோன்ல வெதர் ஆப்ப தொறந்து, கிளம்புற அன்னைக்கு மதியம் யூவி இண்டெக்ஸ் (அந்தக் கதிர் எவ்ளோ வலுவா இருக்குனு காட்டுற நம்பர்) எவ்ளோனு பாருங்க, வெப்பநிலைய பாக்காதீங்க. 3 இல்ல அதுக்கு மேல இருந்தா க்ரீம் போடணும், கண்ணுக்கு கூலிங் கிளாஸும்.