நாயை அனுப்பினால் போதாது, பிள்ளைகளையும் அனுப்புங்கள்

கல்லூரி வளாகத்தில் இனி நாய் இருக்கக் கூடாது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. கல்வி நிலையம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. அதற்கு முன்பு, 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, எங்கே பிடித்தார்களோ அங்கேயே கொண்டுவந்து விடுவதுதான் முறையாக இருந்தது.

உத்தரவு சரியா தப்பா என்று இங்கே ஏற்கெனவே போதுமான அளவு சண்டை நடந்துவிட்டது. என் கேள்வி வேறு. வண்டியில் ஏற்றிவிட்ட நாய் இப்போது எங்கே இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது, அதன் கூண்டை யார் கழுவுகிறார்கள் என்று அந்தக் கல்லூரியில் ஒருவருக்காவது தெரியுமா? முதலாம் ஆண்டில் இருந்து அதற்குச் சோறு வைத்த பிள்ளைகளுக்காவது சொன்னார்களா? நாயை அனுப்புகிற கல்லூரி, தன் மாணவர்களையும் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய் வருவதைச் சொல்லவில்லை. வாராவாரம் போகச் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். அழகர்கோவில் சாலையில் ஊரைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னக் காப்பகத்துக்கு எங்கள் பிள்ளைகள் தொடர்ந்து போய் வருகிறார்கள். அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த பஸ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஐம்பது பேர் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். குட்டிகளைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சுவார்கள். பேனரோடு ஒரு குரூப் போட்டோ, கையில் சான்றிதழ், சாயங்காலம் வீடு. யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. ஆனால் பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. தடுப்பூசி முடியாத குட்டிகளை வாந்தி, ரத்தப் பேதி என்று இரண்டு மூன்று நாளில் சாய்த்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் அதற்கு. செருப்பிலும் உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டு ஒரு கூண்டில் இருந்து இன்னொரு கூண்டுக்குப் போகும். அன்பாகக் கொஞ்சிய அதே கை ஒரு ஈற்றுக் குட்டிகள் மொத்தத்தையும் கொன்றுவிடலாம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளை உள்ளே விடுவது நாய்களுக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

அங்கே வேலை செய்கிற அண்ணனிடம் பிள்ளைகள் கற்றுக்கொண்ட முதல் பாடம் வேறு மாதிரி. காலையில் ஒரு பையன் ஆர்வமாகத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் போனான். "தம்பி, நில்லு. மொதல்ல பாரு, பெறகு கழுவு" என்றார் அவர். எதைப் பார்க்க என்று பையன் முழித்தான். நாய் வெளிக்கு இருந்து வைத்திருப்பதைத்தான். கெட்டியாக இருக்கிறதா, சளி போல இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா, அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது நெளிகிறதா. அரிசி மாதிரி இருந்தால் நாடாப்புழு. ரத்தம் என்றால் உடனே தனிக் கூண்டு, டாக்டருக்குப் போன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டால், ராத்திரி முழுக்க அந்த நாய்க்கு என்ன நடந்தது என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த பிள்ளைகள் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் கூண்டு வாரியாக அதைத்தான் எழுதுகிறார்கள். தட்டில் மிச்சம் வைத்தது எது, தண்ணீர் குடிக்காதது எது, நேற்று வரை வாலாட்டி இன்று மூலையில் முகம் திருப்பிப் படுத்தது எது. விலங்கு நலம் என்று பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இந்தக் கண் வராது.

ஒரு வெள்ளை ராஜபாளையத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ராத்திரியில் யாரோ கேட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போன நாய். வெள்ளைச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். தூங்கும்போது கிட்டே போனால் வெடுக்கென்று கடிக்க வரும். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. திமிர் பிடித்தது, கடி நாய் என்று முடிவு கட்டியாகிவிட்டது. வாராவாரம் வரும் ஒரு மாணவிதான் கவனித்தாள். சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டதும் மற்ற நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். இது மட்டும், மற்றவை எழுந்ததைப் பார்த்த பிறகுதான் எழும். அவள் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தாள். காதுகூட அசையவில்லை. "மேம், இதுக்குக் காது கேக்கல மேம்" என்றாள். டாக்டரும் அதையே சொன்னார். ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாமை வருவது உண்டு, அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை. இப்போது யாரும் அதைப் பின்னால் இருந்து தொடுவதில்லை. தூங்கினால் தரையில் காலால் தட்டி அதிர்வைக் கொடுத்து எழுப்புகிறார்கள். கை உயர்த்தினால் உட்காரும், உள்ளங்கையைத் தொடையில் தட்டினால் வரும். ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு இது கண்ணில் படவே படாது. திரும்பத் திரும்ப வந்து பார்த்ததால்தான் பட்டது. சிங்கம் மாதிரி இருக்கிறது என்று குட்டியில் வாங்கி, வளர்ந்ததும் கேட்டில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே எழுதினால் பதிவு முடியாது.

பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி. "கடிச்சுட்டா என்ன செய்வீங்க?" நியாயமான கேள்வி. காப்பகத்துக்குள் கால் வைக்கும் முன்பே பிள்ளைகளுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. அப்படிப் போட்டவர்களுக்குப் பிறகு கடி பட்டால் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. போடாதவர்களுக்கு முழுத் தவணையும் வேண்டும், காயத்தைப் பொறுத்து இம்யூனோகுளோபுலினும் வேண்டும். யாராக இருந்தாலும் முதல் வேலை சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுவது. பிறகு பெரியாஸ்பத்திரியோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, அன்றைக்கே. நோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து வரும் எங்கள் மாணவன் ஒருவன் இதை ஊருக்குக் கொண்டுபோனான். அங்கே நாய் கடித்தால் மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும்தான் இன்னமும் முதல் மருந்து. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையை நாய் கடித்தபோது, அவன் அப்பத்தா மிளகாய்ப் பொடி டப்பாவோடு வந்திருக்கிறார். "அப்பத்தா, அத வையி. சோப்ப எடு" என்று சொல்லி, குழாயடியில் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, போனில் நேரம் பார்த்துக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறான். பிள்ளை நன்றாக இருக்கிறது. நாயைப் பற்றிப் படிக்கப் போன பையன் ஒரு குழந்தையின் உயிருக்குக் காவலாக நின்றான்.

"மனுஷனுக்கே இங்க வழியில்ல, நாய்க்குப் போயி..." என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாய்க்கடி யாருக்கு அதிகம் படுகிறது? விடிவதற்கு முன் தெருக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்கள், பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளைகள், ராத்திரி ஷிப்ட் முடிந்து டூவீலரில் வருகிறவர்கள். ஒரு பகுதியில் நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, நாயின் நலமும் அந்தத் தூய்மைப் பணியாளரின் நலமும் ஒரே ஊசியில் இருக்கின்றன.

அதனால்தான் காப்பகத்தோடு நிறுத்தாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். எவ்வளவு நல்ல காப்பகமாக இருந்தாலும் அடைபட்ட நாய் அடைபட்ட நாய்தான். கூட்டம் கூடினால் நோய் பரவும், சண்டை வரும், இடம் தீர்ந்துபோகும். வேலையில் பாதி நம் தெருவில் இருக்கிறது. அனுப்பானடியில், செல்லூரில், வில்லாபுரத்தில் இருக்கும் பிள்ளைகள் அவரவர் தெருவில் காது நுனி வெட்டிய நாய் எத்தனை, வெட்டாதது எத்தனை என்று நோட்டில் எழுதுகிறார்கள். அந்த வெட்டுத்தான் கருத்தடை ஆனதற்கு அடையாளம். வெட்டு இல்லாத பெட்டை நாய் எங்கே படுக்கும், எந்த நேரத்தில் பிடிக்கலாம், குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்பதெல்லாம் தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும். சினைக்காலம் 63 நாள்தான், தள்ளிப்போட்டால் அடுத்த ஈற்று வந்து நிற்கும். புரோட்டாக் கடை வாசலிலும் கறிக்கடை ஓரத்திலும் கழிவைக் கொட்டுவது நிற்காத வரை நாய் அங்கே கூடத்தான் செய்யும். அதையும் பிள்ளைகள் போய்ப் பேசுகிறார்கள். சில கடைக்காரர்கள் கேட்கிறார்கள், சிலர் விரட்டுகிறார்கள்.

கல்லூரிகளுக்கு நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் பணி செய்தாக வேண்டும். அதில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கட்டும். ஐம்பது பேர் வேண்டாம். எட்டுப் பத்துப் பேர், வருஷம் முழுக்க அதே ஆட்கள். காப்பகத்துக்கென்று தனிச் செருப்பு, குட்டிகள் பக்கம் கடைசியில்தான் போவது, விருப்பம் இல்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது. எங்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபடாதது தேர்வும் செமஸ்டர் லீவும். விடுதிப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், கூண்டு கழுவ ஆள் இருக்காது. அதுவும் ஏப்ரல் மே வெயிலில், தண்ணீர்த் தொட்டியை ஒருநாளில் பல தடவை நிரப்ப வேண்டிய நேரத்தில். உள்ளூரில் இருந்து வந்து போகிற பிள்ளைகளை லீவுக்கென்று தனியாகப் பிரித்து ஒரு முறைப் பட்டியல் போட்டிருக்கிறோம். வேறு கல்லூரிகளும் சேர்ந்தால் மே மாதத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம். தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், பட்டியலை அனுப்பி வைக்கிறேன். பிஸ்கட் வேண்டாம். பழைய பெட்ஷீட்டும் பிளீச்சிங் பவுடரும் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்.