சாதாரண ஆளுக்கும் மீட்பில் பங்கு உண்டு
யூத மறைஞானத்தில் மீட்பைக் கொண்டுவருவது 'சத்திக்' எனப்படும் நீதிமான்தான், மற்றவர்கள் அவரை நம்பிக் காத்திருப்பவர்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குருமார்களில், குறிப்பாக லிசென்ஸ்க் ஊர் எலிமெலெக் வழியில், அது ஓரளவு சரி. ஆனால் அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே கலிலேயாவின் சஃபேத் ஊரில் யூத மறைஞானி ஐசக் லூரியா (1534–1572) சொன்னது வேறு. படைப்பின்போது இறையொளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைந்தன, அந்த ஒளிப்பொறிகள் உலகத்துப் பொருள்களில் எல்லாம் சிக்கிக் கிடக்கின்றன, அவற்றை விடுவிப்பதுதான் 'திக்குன்', அதாவது செப்பனிடுதல். யூதர்கள் சாப்பிடும்போது கையைக் கழுவி, நிலத்திலிருந்து அப்பத்தை வரச்செய்கிற இறைவனை வாழ்த்தி, ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் வைக்கிறார்களே, அந்த ஒரு வாய் ரொட்டியிலும் பொறி மேலே ஏறுகிறது. இதற்கு ஞானியாக இருக்க வேண்டியதில்லை. மேலே கருத்திட்ட ஒரு நண்பர், ஒவ்வொரு தலைமுறையிலும் இருப்பதாகச் சொல்லப்படும் 36 நீதிமான்களைப் பெரிய மகான்கள் என்று எழுதியிருக்கிறார். யூத சமய நூலான தல்மூதில் அபாயே என்ற அறிஞர் சொன்ன கணக்கு அது. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு: லாமெத் 30, வாவ் 6, சேர்த்தால் 36. ஆனால் நாட்டார் கதைகளில் அவர்கள் செருப்புத் தைப்பவர், தண்ணீர் சுமப்பவர்; பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. அப்புறம், மொத்தப் பாரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த யூதர் சபத்தாய் செவி இருக்கிறார். 1665-இல் அவரை மெசியா, அதாவது யூதர்கள் காத்திருக்கும் மீட்பர், என்று அறிவித்தார்கள். சொத்தை விற்றுவிட்டுப் புனித பூமிக்குக் கிளம்பத் தயாரானவர்கள்கூட உண்டு. மறு ஆண்டே சுல்தான் முன்னிலையில் அவர் இஸ்லாத்துக்கு மாறினார். அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகிறது. கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.